“29தான் பெருசு, 31 சின்னது”: குழந்தைகள் எண்களை ஒப்பிடுவதில் வரும் சிக்கல்களும் சரிசெய்யும் வழிகளும்

எல்.கே.ஜி. முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் எண்களை ஒப்பிடும்போது செய்கிற தப்புகள் சும்மா குத்துமதிப்பாக வருவதில்லை. பெரும்பாலும் ஒவ்வொரு தப்புக்குப் பின்னாலும் அந்தப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிற ஒரு விதி இருக்கும். “நீளமா இருந்தா நிறைய”, “கடைசியில 9 இருந்தா பெருசு”, இந்த மாதிரி. அந்த விதி என்ன என்று தெரியாமல் “தப்பு, 31தான் பெருசு, பத்துத் தடவை எழுது” என்றால், பிள்ளை 31ஐ மனப்பாடம் செய்யும், நாளைக்கு 38, 42 என்று கேட்டால் மறுபடி 38 என்றே சொல்லும்.

கடலூர் முதுநகர் பக்கம் மாலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். பெற்றோர் வந்து “பிள்ளைக்கு எது பெரிய எண்ணுன்னே தெரியல” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள், ஆனால் உட்கார்ந்து பார்த்தால் ஒருவனுக்கு அளவு புரியவில்லை, இன்னொருத்திக்கு அளவு நன்றாகப் புரிகிறது குறிதான் தடுமாறுகிறது, மூன்றாவது பிள்ளைக்கு நாம் கேட்கிற கேள்வியே வேறு மாதிரி காதில் விழுகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு. அதனால்தான் இதை அறிகுறிவாரியாக எழுதுகிறேன், உங்கள் பிள்ளையிடம் தெரிகிற அறிகுறியைத் தேடி நேராக அங்கே போகலாம்.

முதலில் ஒரு சின்னச் சோதனை

கொஞ்சம் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள் (மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால் கொட்டை வேண்டாம், வாயில் போட்டுவிடும், பெரிய பாட்டில் மூடிகளை வைத்துக்கொள்ளுங்கள்). ஒரு கூறில் 5, இன்னொன்றில் 8 வைத்து “எதில் அதிகமா இருக்கு?” என்று கேளுங்கள். அடுத்து கொட்டையை எடுத்துவிட்டு, வாயால் மட்டும் “அஞ்சு அதிகமா, எட்டு அதிகமா?” அப்புறம் 5, 8 என்று எழுதிய இரண்டு அட்டைகள். கடைசியாகத் தாளில் 5 ___ 8 என்று எழுதிக் குறி போடச் சொல்லுங்கள்.

எந்தப் படியில் வழுக்குகிறதோ அங்கேதான் வேலை. பொருள், சொல், எண்ணுரு (எழுதிய எண்), குறி என்பதுதான் குழந்தைக்குச் சுலபமான வரிசை, பள்ளி ஒர்க்‌ஷீட் பெரும்பாலும் கடைசிப் படியில்தான் ஆரம்பிக்கிறது. முதல் படியே ஆடும்போது நான்காவது படியில் எத்தனை தாள் நிரப்பினாலும் பிரயோஜனம் இல்லை.

பிள்ளை சரியாகச் சொன்னாலும் “எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேட்பதைப் பழக்கமாக்குங்கள். தப்பாகச் சொல்லும்போது மட்டும் அப்படிக் கேட்டால், கேள்வி வந்த உடனேயே பிள்ளை விடையை மாற்றிவிடும், உங்கள் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிவிடும். இரண்டே விடைகள் இருக்கிற கேள்வி என்பதால் யோசிக்காமல் சொன்னாலும் பாதி சரியாக வந்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள். ஒரே ஜோடியை இடவலம் மாற்றி வைத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

அறிகுறி: பரப்பி வைத்தால் அதிகம், நெருக்கி வைத்தால் குறைவு என்கிறது

இரண்டு வரிசையிலும் ஆறு ஆறு கொட்டை. ஒரு வரிசையைக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பரப்புங்கள், “இதுலதான் நிறைய” என்று நீளமானதைக் காட்டும். நாலு, ஐந்து வயதில் இது மிக மிகச் சாதாரணம். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் சொல்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

எண்ணிக் காட்டி “பார், ரெண்டும் ஆறுதான்” என்று வாதம் செய்யாதீர்கள். ஆறு என்று தானே எண்ணிவிட்டும் நீளமானதையே காட்டுகிற பிள்ளைகள் உண்டு, ஏனென்றால் அந்த வயதில் கண் சொல்வதுதான் பெரிய சாட்சி. ஜோடி சேர்க்க விடுங்கள். ஆறு டம்ளர், ஆறு ஸ்பூன், ஒவ்வொரு டம்ளருக்கும் ஒன்று போடு. மீந்ததா? இல்லை. இப்போது ஸ்பூன்களை வெளியே எடுத்துப் பரப்பி வை, இப்போது போட்டால் மீதி வருமா என்று கேட்டு, பிள்ளையையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சைக் குறைத்து இதைப் பல நாள், வேறு வேறு பொருளில் செய்தால் போதும்.

இதே சிக்கலின் இன்னொரு முகம், பொருளின் பருமன். மூன்று எலுமிச்சம்பழம் ஒரு பக்கம், ஏழு மிளகு இன்னொரு பக்கம் வைத்தால் எலுமிச்சையைக் காட்டும். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. துறைமுகத்துப் பக்கம் மீன் வாங்கப் போனால் நாமே கூறைப் பார்த்துத்தானே பேரம் பேசுகிறோம், நெத்திலிக் கூறில் எத்தனை மீன் என்று யாரும் எண்ணுவதில்லை. நாலு சங்கராவையும் ஒரு கூறு நெத்திலியையும் பார்த்து எது நிறைய என்று பிள்ளையிடம் கேட்டால், எடையா, விலையா, எண்ணிக்கையா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? “எண்ணிப் பார்த்தா எதுல அதிகம்?” என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே போய்விடும்.

அறிகுறி: ஒன்று முதல் இருபது வரை கடகடவெனச் சொல்கிறது, ஆனால் “மொத்தம் எத்தனை?” என்றால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறது

ஒப்பிடுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். எண்ணும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தக் கூட்டத்தின் அளவு என்பது இந்தப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை. எண் சொல்வது அதற்கு ஒரு பாட்டு மாதிரிதான் இருக்கிறது. பாட்டைச் சரியாகப் பாடுவதைப் பார்த்து நாமும் ஏமாந்துவிடுவோம்.

எண்ணச் சொல்வதை நிறுத்திவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். “அஞ்சு வெங்காயம் எடுத்துட்டு வாடா கண்ணு.” கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வந்தால், 2, 3, 4 என்று சின்ன எண்களில் ஆரம்பியுங்கள். எண்ணி முடித்ததும் கையால் சுற்றி வளைத்துக் காட்டி “அஞ்சு வெங்காயம்” என்று முழுசாகச் சொல்லவையுங்கள். கேட்டதைச் சரியாக எடுத்துவருகிற வரை எது பெரிது, எது சிறிது என்ற தாள்களைத் தள்ளி வையுங்கள். பள்ளியில் கொடுத்துவிட்டார்களே என்று அவசரப்பட்டால், அந்தத் தாளை நீங்கள்தான் செய்துமுடிப்பீர்கள்.

அறிகுறி: அட்டையில் பெரிதாக அச்சடித்த எண்ணையே “பெரிய எண்” என்கிறது

3ஐ உள்ளங்கை அகலத்துக்கும் 7ஐக் குட்டியாகவும் எழுதிக் காட்டுங்கள். 3தான் பெரிது என்று வந்தால் சிக்கல் கேள்வியில் இருக்கிறது. பெரிய வீடு, பெரிய நாய், பெரியப்பா என்று பிள்ளைக்குத் தெரிந்த “பெரிய” எல்லாம் உருவமும் வயதும்தான். எண்ணுக்கு மட்டும் அது வேறு என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். ஆரம்பத்தில் “எது அதிகம், எது குறைவு” என்றே கேளுங்கள், வீட்டில் ஜாஸ்தி, கம்மி என்றால் அதுவே போதும். அளவு பிடிபட்ட பிறகு “அதிகத்தைக் காட்டுற எண்ணைத்தான் பெரிய எண்ணுன்னு சொல்றோம்” என்று பள்ளிச் சொல்லைக் கொண்டுவந்து சேர்க்கலாம்.

நாணயத்திலும் இது உண்டு. 2011இல் வந்த வரிசையில் 2 ரூபாய் நாணயம் 5 ரூபாய் நாணயத்தைவிட அகலமானது. அகலமானதைத்தான் குழந்தை கேட்கும். அதனால் இந்தக் கட்டத்தில் காசை வைத்துச் சொல்லித்தர வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

அறிகுறி: 2, 9 என்றால் சரி, 7, 8 என்றால் தடுமாற்றம்

இது கோளாறே இல்லை. மோயர், லாண்டவர் என்ற இருவர் 1967இல் பெரியவர்களிடமே சோதித்தார்கள். இரண்டு இலக்கங்களைக் காட்டி எது பெரிது என்று கேட்டால், இடைவெளி குறையக் குறைய நமக்கும் பதில் சொல்ல நேரம் கூடுகிறது. நமக்கு அது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான வித்தியாசம், பிள்ளைக்கு அது தெரியுமா தெரியாதா என்கிற வித்தியாசம்.

சரிசெய்ய மிக நல்ல வழி நேர்க்கோட்டில் போகிற விளையாட்டு. இதை நான் ஆசையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் அமெரிக்காவில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம், பள்ளி சேர்வதற்கு முந்தைய வயதில், ஒன்று முதல் பத்து வரை கட்டம் போட்ட ஒரு சாதாரணப் பலகையைக் கொடுத்து விளையாடவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி முதல் இருபது நிமிடம். அவ்வளவுதான். எண்களை ஒப்பிடுவது, கோட்டில் எண்ணின் இடத்தைக் கணிப்பது, எண்ணுவது, எண்ணுருவை அடையாளம் காண்பது எல்லாமே முன்னேறின, ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நின்றது. அதே பலகையில் எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் போட்டு விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை. 2008இல் வெளிவந்த ஆய்வு இது. அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் இருந்தால் எந்த வீட்டிலும் செய்யலாம்.

செய்யும் விதம்: பழைய காலண்டர் அட்டையை நீளமாக வெட்டிப் பத்துக் கட்டம் போடுங்கள், எல்லாம் ஒரே அளவு, இடமிருந்து வலம். ஒரு சோழியைப் போட்டு உருட்டுங்கள், நிமிர்ந்தால் 1, கவிழ்ந்தால் 2. பிள்ளை 5இல் இருக்கிறது, 2 விழுந்தது என்றால் நகர்த்தும்போது “ஒண்ணு, ரெண்டு” என்று சொல்லக்கூடாது, “ஆறு, ஏழு” என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லி நகர வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், பலன் இதில்தான் இருக்கிறது. நடுவில் நிறுத்தி “நீ 7ல இருக்க, நான் 4ல இருக்கேன், யாரு அதிக தூரம் வந்திருக்கோம்?” என்று கேளுங்கள். எண் கூடக்கூட தூரம் கூடுகிறது, உருட்டிய தடவை கூடுகிறது, ஆன நேரமும் கூடுகிறது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பிள்ளையின் உடம்பில் ஏறும். இடம் இருந்தால் மொட்டைமாடியில் சாக்பீஸால் பெரிதாகப் போடுங்கள், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் ஈர மணலில் கோடு கிழித்து, பிள்ளையையே காயாக்கி நடக்கவிடுங்கள், பாண்டி விளையாடுகிற குதூகலத்தோடு செய்யும்.

பரமபதம் ஆகாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் வளர்ந்த பிறகு ஆகும். அதில் நூறு கட்டம், ஒரு வரிசை வலப்பக்கம் போனால் அடுத்தது இடப்பக்கம் திரும்பும், நடுவில் ஏணியும் பாம்பும் வேறு. கூடக்கூட ஒரே திசையில் போவது என்ற எண்ணம் பதிய வேண்டிய வயதில் அது குழப்பும்.

நடக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். 7இல் நின்றுகொண்டு 10ஐப் பார்க்கிற பிள்ளையிடம் “ஏழுக்கு முன்னாடி என்ன?” என்றால் 8 என்று சொல்லும், அதன் கண்ணுக்கு முன்னால் இருப்பது 8தானே. “ஏழுக்கு வர்றதுக்கு முந்தி எதுல நின்ன?” என்று கேளுங்கள்.

அறிகுறி: எழுதிக் காட்டினால் சரி, வாயால் கேட்டால் தப்பு

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை என்றால் முதலில் தர்ட்டீன், தர்ட்டி மாதிரி ஜோடிகளைச் சந்தேகப்படுங்கள், 13க்கும் 30க்கும் காதில் வித்தியாசம் கடைசி ஓசையில்தான். தமிழில் அந்தத் தொல்லை இல்லை, பதின்மூன்று, முப்பது என்று தெளிவாகப் பிரிகிறது. ஆனால் தொண்ணூறு என்பதில் நூறு கேட்பதால் 90ஐ நூறுக்கு மேலே வைக்கிற பிள்ளைகள் உண்டு. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்றால் இரண்டிலும் சொல்லி, பக்கத்தில் எழுத்தையும் காட்டுங்கள்.

அறிகுறி: 29க்கும் 31க்கும் 29தான் பெரிது என்கிறது

முதல், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் அதிகமாகக் கொண்டுவருகிற புகார் இதுதான். இரண்டு வேறு வேறு விதிகள் இதே தப்பைக் கொடுக்கும் என்பதால், முதலில் எது என்று பிரியுங்கள்.

91, 28 என்று ஒரு ஜோடி கேளுங்கள். 28 என்று சொன்னால் பிள்ளை கடைசி இலக்கத்தை மட்டும் பார்க்கிறது, 8 ஒன்றைவிடப் பெரிது என்பது அதன் கணக்கு. 91 என்று சரியாகச் சொல்லிவிட்டு 29, 31இல் மட்டும் தப்பு செய்தால், எங்கே இருந்தாலும் பெரிய இலக்கம் எது என்று தேடுகிறது, 9 எங்கே தெரிந்தாலும் அதற்கு ஓட்டு. 47, 43 அல்லது 78, 35 மாதிரி ஜோடிகளில் இரண்டு விதியுமே சரியான விடையைக் கொடுத்துவிடும், அதனால் ஒர்க்‌ஷீட்டில் அந்த மாதிரி ஜோடிகளே நிறைய இருந்தால் பிள்ளை பத்துக்கு எட்டு வாங்கி நம்மைத் திருப்திப்படுத்திவிடும், உள்ளே எதுவும் புரிந்திருக்காது. நீங்கள் கேட்கும்போது 19, 20, அப்புறம் 38, 51, அப்புறம் 40, 27 என்று விதி தோற்கிற ஜோடிகளாகப் பார்த்துக் கேளுங்கள்.

விதி எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். 31இல் உள்ள 3 என்பது மூன்று இல்லை, மூன்று பத்து என்பது கையில் ஏறவில்லை. ஈர்க்குச்சியை ஒரே அளவாக உடைத்து, பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடவிடுங்கள். கட்டை நீங்கள் போட்டுக் கொடுக்கக்கூடாது, பிள்ளையே எண்ணிக் கட்ட வேண்டும், அப்போதுதான் உள்ளே பத்து இருக்கிறது என்ற நம்பிக்கை வரும். 29க்கு இரண்டு கட்டு, ஒன்பது குச்சி. 31க்கு மூன்று கட்டு, ஒரு குச்சி. பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். “ஒன்பது குச்சி நிறையத்தானே இருக்கு?” என்று சில பிள்ளைகள் அப்போதும் கேட்கும், நல்ல கேள்வி. “அந்த ஒன்பது குச்சிய வெச்சு இன்னொரு கட்டுப் போட முடியுமா, பாரு” என்று விடுங்கள். போட முடியாது, ஒன்று குறையும். இந்த இடத்தில் பிள்ளை முகத்தில் தெரிகிற மாற்றத்துக்காக எத்தனை மாலை வேண்டுமானாலும் உட்காரலாம்.

குச்சியில் நன்றாக வந்த பிறகு மட்டும் பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் நாணயமும். காசை முதலிலேயே எடுத்தால் வேறு சிக்கல் வரும்: இரண்டு நோட்டும் ஒன்பது நாணயமும் சேர்த்துப் பதினொரு பொருள், மூன்று நோட்டும் ஒரு நாணயமும் நாலே பொருள், பிள்ளை பொருளை எண்ணி 29க்கே போகும். குச்சிக்கட்டில் பத்து கண்ணுக்குத் தெரிகிறது, நோட்டில் தெரிவதில்லை.

கடைசியில்தான் தாள். ஒன்று இடத்தை விரலால் மறைத்துப் பத்து இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே வித்தியாசம் இருந்தால் அதுவே முடிவு, சமமாக இருந்தால் மட்டும் விரலை எடு. இதை முதல் நாளே சொல்லித்தந்தால் உடனே மார்க் வரும், ஆனால் 99, 102 என்று வருகிற அன்று விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும். நிறைய இலக்கம் இருந்தால் பெரிய எண் என்பதையும் “முழு எண்ணுல” என்று சேர்த்தே சொல்லுங்கள், பிற்பாடு தசமம் வரும்போது 3.25தான் 3.5ஐவிடப் பெரிது என்று அடம்பிடிப்பதற்கு இந்த விதிதான் காரணம்.

17ஐ 71 என்று எழுதுகிற பிள்ளைக்கு ஒப்பிடுவதில் சிக்கல் இல்லாமல் இருக்கலாம். “நீ எழுதினது எத்தனை கட்டு?” என்று கேட்டால் தானே திருத்திக்கொள்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு வரை எதிர்பார்க்கலாம் என்று கவலைப்படுகிறவர்களுக்கு: 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் (அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான மத்திய அரசுத் திட்டம்) இலக்குப்படி, முதல் வகுப்பில் 99 வரை, இரண்டாம் வகுப்பில் 999 வரை, மூன்றாம் வகுப்பில் 9999 வரை எண்களை வாசித்து எழுதினால் போதும். பள்ளிக்கு முந்தைய ஆண்டில் 10 வரைதான். தமிழ்நாட்டில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் முதல் மூன்று வகுப்புகளை இதற்காகவே எடுத்துக்கொண்டது. யு.கே.ஜி. பிள்ளைக்கு மூன்று இலக்க ஒப்பீடு வரவில்லையே என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அறிகுறி: பெரியது தெரிகிறது, < > குறி மட்டும் மாறிப்போகிறது

முதலை வாயைப் பெரிய எண் பக்கம் திறக்கும் என்று எல்லாரும் சொல்லித்தருகிறார்கள். குறி போடுவதற்கு அது உதவும், வாசிப்பதற்கு உதவாது. 3 < 8 என்று எழுதிய பிள்ளையிடம் “வாசி” என்றால் “முதலை எட்டைத் தின்னுது” என்று சொல்லி நிறுத்தும். முதலையை நான் பெரிதாக எதிர்ப்பதில்லை, ஆனால் அதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வேன்.

இடப்பக்கம் ஐந்து பிளாக் அடுக்கி ஒரு கோபுரம், வலப்பக்கம் இரண்டு பிளாக்கில் ஒரு கோபுரம். இரண்டின் உச்சியையும் தொடுகிற மாதிரி ஒரு ஐஸ் குச்சியைச் சாய்த்து வையுங்கள், அடியில் இரண்டுக்கும் நடுவே தரையில் இன்னொன்று. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் உயரமான பக்கம் அகன்று, குட்டையான பக்கம் குறுகுகிறது. அதுதான் குறியின் வடிவம். இப்போது இரண்டு கோபுரத்தையும் சம உயரமாக்குங்கள், குச்சிகள் இணையாக நிற்கும், அது சமக்குறி. 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் சமத்துக்கு இரண்டு இணைகோடு போட்டதும் இதே யோசனையில்தான். < > குறிகள் அச்சில் வந்தது 1631இல், தாமஸ் ஹாரியட்டின் புத்தகத்தில். அதற்கு முன்னாலும் உலகம் முழுக்க எண்களை ஒப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், எனவே ஐந்து வயதுப் பிள்ளைக்குக் குறி தாமதமாக வந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

கோபுரம் இல்லாதபோது: பெரிய எண் பக்கம் இரண்டு புள்ளி, சின்ன எண் பக்கம் ஒரு புள்ளி, இணை. குறி தானாக வந்துவிடும்.

வாசிக்கும்போது தமிழில் ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் நாம் “எட்டை விட மூணு கம்மி” என்று எட்டை முதலில் சொல்வோம், தாளில் 3 முதலில் நிற்கிறது. அதனால் குறியை விரலால் தொட்டு, இடப்பக்கத்திலிருந்து “மூன்று, எட்டை விடக் குறைவு” என்று வாசிக்கப் பழக்குங்கள். 8 > 3 என்பதையும் உடனே எழுதி வாசிக்கவையுங்கள், ஒரே விஷயத்தை இரண்டு பக்கமிருந்தும் சொல்லலாம் என்பது அப்போது புரியும்.

5 = 5 என்று காட்டினால் “இது தப்பு, கணக்கே இல்ல” என்று சொல்கிற பிள்ளை, சமக்குறியை விடை எழுதுகிற இடமாகவே நினைத்திருக்கிறது. 7 = 7, 7 = 4 + 3, 4 + 3 = 5 + 2 என்று எழுதிக் காட்டி, இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: “எத்தனை அதிகம்?” என்றால் பெரிய எண்ணையே சொல்கிறது

அக்காவிடம் 8 மாங்கொட்டை, தம்பியிடம் 5. அக்காவிடம் எத்தனை அதிகம்? “எட்டு.” எது அதிகம் என்ற கேள்விக்கான பதில் இது, பிள்ளையின் காதில் விழுந்தது அந்தக் கேள்விதான். டாம் ஹட்சன் 1983இல் பறவையும் புழுவும் படம் காட்டிக் கேட்டுப்பார்த்தார். புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்றால் தடுமாறிய பிள்ளைகள், எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது என்று கேட்டால் சரியாகச் சொன்னார்கள். படமும் எண்ணும் அதேதான், கேள்விதான் வேறு.

நீங்களும் அப்படியே கேளுங்கள். எட்டுப் பிள்ளைகள், ஐந்து முறுக்கு, எத்தனை பேருக்குக் கிடைக்காது? ஜோடி சேர்த்து மீதியை எண்ணட்டும். மெல்ல அந்த மீதிக்குப் பெயர்தான் “மூன்று அதிகம்” என்று சொல்லிக்கொடுங்கள். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது, ஒரு ஆட்டம் முடிந்து அடுத்ததற்குக் குழிகளை நிரப்பும்போது யாருக்கு எத்தனை மீந்தது, யாருக்கு எத்தனை போதவில்லை என்பது கேட்காமலேயே வந்து நிற்கும்.

அறிகுறி: இரண்டு எண் என்றால் சரி, ஐந்து எண்ணை ஏறுவரிசையில் எழுதச் சொன்னால் ஒன்று விட்டுப்போகிறது

ஒப்பீடு சரியாக இருக்கிறது, நினைவில் வைக்கிற சுமைதான் அதிகம். எண்களைச் சின்னச் சின்னச் சீட்டாக வெட்டிக் கொடுங்கள், சிறியதை எடுத்து வை, மிச்சத்தில் சிறியதை எடுத்து வை. தாளில் என்றால் எழுதியதை அடித்துக்கொண்டே போகட்டும்.

அறிகுறி: பூஜ்யத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை

ஒன்றுதான் எல்லாவற்றையும்விடச் சிறியது என்று சொல்லும். காலித் தட்டையும் ஒரு கொட்டை உள்ள தட்டையும் வைத்து எதில் அதிகம் என்று கேட்டாலே போதும், இதற்கு மேல் இழுக்க வேண்டாம். எண்பலகையில் 1க்கு இடப்பக்கம் ஒரு கட்டம் சேர்த்து 0 எழுதி, புறப்படும் இடமாக வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: வீட்டில் சரியாகச் சொல்கிறது, வெளியே பார்க்கிற எண்களில் குழம்புகிறது

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது மைல்கல்லில் புதுச்சேரி என்று போட்ட எண் குறைந்துகொண்டே வரும். “நாம போகப் போக எண் ஏன் சின்னதாகுது?” என்று பிள்ளை கேட்டால் சந்தோஷப்படுங்கள். அந்த எண் நாம் வந்த தூரம் இல்லை, இன்னும் போகவேண்டிய தூரம். திரும்பி வரும்போது கடலூர் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு இறங்குவரிசையே ரோட்டோரம் நிற்கும்.

வண்டி எண் வேறு கதை. கடலூர் வண்டியில் டி.என். 31, புதுச்சேரி வண்டியில் பி.ஒய். 01. “எங்க வண்டிதான் பெருசு” என்று பிள்ளைகள் போட்டி போடும். 31 என்ற எண் 1ஐவிட அதிகம், அது சரி. ஆனால் வண்டியில் அது ஊர் அலுவலகத்துக்கு வைத்த அடையாளம், எதையும் எண்ணி வந்ததில்லை. பஸ் ரூட் நம்பரும் செல்போன் நம்பரும் அப்படியே. எண்ணை ஒப்பிடுவதற்கு முன் “இது எதை எண்ணி வந்துச்சு?” என்று கேட்கப் பழக்கினால் இந்தக் குழப்பம் தீரும்.

எதுவுமே பலிக்கவில்லை என்றால்

ஏழு, எட்டு வயதிலும், பல மாதம் பொருளோடும் விளையாட்டோடும் பழகிய பிறகும், 10க்குள் எது அதிகம் என்று சொல்ல முடியவில்லை, மூன்று நாலு பொருளைக்கூடப் பார்த்ததும் சொல்ல முடியாமல் ஒவ்வொன்றாக எண்ணுகிறது, விரல் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். முதலில் கண்பார்வையும் காதும் சோதியுங்கள், கரும்பலகை தெரியாத பிள்ளை எண்ணை எப்படி ஒப்பிடும்? அவை சரியாக இருந்தால் எண் கற்றலில் தனிப்பட்ட சிரமம் இருக்கலாம், டிஸ்கால்குலியா என்பார்கள். அறிவுக் குறைவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வகுப்பு ஆசிரியரிடம் பேசிவிட்டுக் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள், இந்தப் பக்கத்தில் ஜிப்மர் மாதிரிப் பெரிய மருத்துவமனைகளில் குழந்தைகள் நலப் பிரிவு இருக்கிறது. போகும்போது எந்த ஜோடிக்குப் பிள்ளை என்ன சொன்னது, எப்படிக் கண்டுபிடித்ததாகச் சொன்னது என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போங்கள். “கணக்கு வரல” என்று சொல்வதைவிட அந்த ஒரு பக்கம் மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் அதிகம் உதவும்.